வடக்கே நிற்கும் சூரியன்

குளிர்காலத்தில் மெல்போர்னுக்கு வந்த புதிதில் நான் துவைத்த துணி காயவே காயாது. நடுப்பகல் வெயில் தெற்கே இருந்துதானே வரும் என்று வீட்டின் தெற்கு ஓரத்தில் கொடி கட்டியிருந்தேன். சாயங்காலம் தொட்டால் ஈரம். குளிர் தேசம், இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் காலையில் மேகமூட்டத்தில் காய்கறிக் கடைக்குத் தனியாகப் போனேன். கடை வீட்டுக்கு வடக்கே என்று மகன் முரளி சொல்லியிருந்தான். மத்தியானம் வெளியே வந்தால் நல்ல வெயில். வெயிலைப் பார்த்து நடந்தால் தெற்கு, வீடு வந்துவிடும் என்று நடந்தேன். எங்கள் ஸ்ரீரங்கத்தில் குளிர் நாளான தை மாதம் வெயில் அப்படித்தான், தெற்கே சாய்ந்திருக்கும். நடக்க நடக்க வீடு வரவில்லை. யாரையும் கேட்கக் கூச்சம். முரளிதான் போனில் கூப்பிட்டு, காரில் தேடி வந்தான்.

"இனிமே தனியா வெளியே போகாதம்மா."

"மலைக்கோட்டை மாதிரி ஒண்ணு நிமிந்து நின்னா நான் ஏண்டா தொலையறேன்? ஊரையே மட்டமா கட்டி வச்சிருக்காங்க!"

சிரித்தான். ஆனால் தடை தடைதான். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கியே என் காரியத்தை முடித்து வந்தவள் நான். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறினால் காற்றே சொல்லும், ஊர் வந்துவிட்டதென்று. இங்கே வாசற்படி தாண்ட மகன் வர வேண்டியிருந்தது.

அந்தக் காய்கறிக் கடைக்குப் பக்கத்து லைப்ரரியில், வேறு தேசங்களிலிருந்து வந்த வயதானவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு உண்டு. முரளியே கொண்டுபோய் விட்டான். மார்கரெட் டீச்சர் அன்றைக்குப் பூகோளம் எடுத்தார். எந்த ஊர் ஆனாலும் எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன, ஏன் அங்கே வந்தது என்று கேட்க வேண்டுமாம். அவரவர் ஊரை வரையச் சொன்னார். நான் இரண்டு ஆறு போட்டேன். மேலே கொள்ளிடம், கீழே காவிரி, நடுவில் சுற்றிச் சுற்றித் தெருக்கள், அவற்றுக்குள் படுத்த ஒரு உருவம்.

"நடுவில் யார்?" என்றார்.

"ரங்கநாதர். ஸ்லீப்பிங்."

டீச்சர் முகம் வாடிவிட்டது. "உங்கள் கணவரா? உடம்புக்கு என்ன?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்பில் கூச்சமும் கொஞ்சம் போய், வெயில் கதையைச் சொல்லிவிட்டேன். டீச்சர் உலக உருண்டையைக் கொண்டுவந்து என் விரலைப் பிடித்து வைத்தார். நடுவில் ஒரு கோடு, பூமத்திய ரேகை. ஐந்தாம் வகுப்பில் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த அதே பேர். அதற்கு மேலே என் ஊர், வெகு கீழே நான். சூரியன் அந்தக் கோட்டை ஒட்டியே போகிறதாம். அதனால் இங்கே உள்ளவர்களுக்கு அது வடக்கே நிற்கிறது. தப்பு என் புத்தியில் இல்லை, நான் நிற்கும் இடத்தில்!

அடுத்த வாரம் மத்தியானம் வகுப்பு முடிந்ததும் முரளிக்குக் காத்திராமல் கிளம்பினேன். போன் வந்தது.

"எங்கம்மா இருக்க?"

"வெயிலுக்கு முதுகைக் காட்டிட்டு வந்துக்கிட்டிருக்கேன். நம்ம தெரு முனைதான். நீ வேலையப் பாரு."

இப்போது கொடி வடக்குப் பக்கம். துணி காய்கிற நேரம் அங்கேயே காபியோடு உட்காருவேன். முகத்தில் வெயில், முதுகில் இந்த ஊர்க் குளிர். ரங்கநாதர் தெற்கே பார்த்துப் படுத்திருக்கிறார். நான் வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கடல் ஒன்றுதான்.