பதினான்கு முறை தாண்டிய வால்ட்ஸ்

தம்பெரே நகரத்துக் காகித ஆலையில் ஷிப்ட் பார்க்கும் வைனோவுக்குப் பாட்டுப் பைத்தியம். சாதாரணப் பைத்தியம் இல்லை. சந்தையில் கண்ட சிடி, செத்தவர் வீட்டில் ஒழித்துப்போட்ட சிடி, எல்லாவற்றையும் பெயர்கூடப் பார்க்காமல் கணினியில் ஏற்றிவிடுவார். பதினோராயிரம் பாட்டு! சனிக்கிழமை சவுனா என்ற நீராவிக் குளியலறை சூடேறும் வரை, வரிசையைக் கலைத்து ஷஃபிளில் ஓடவிடுவார். டாங்கோவுக்குப் பின்னால் தேவாலய ஆர்கன் வரும், அதன் பின்னால் எவனோ ஊதும் சாக்ஸபோன். முதல் பத்து நொடி பிடிக்காவிட்டால் பொத்தானை அமுக்கித் தாண்டிவிடுவார்.

அன்று சவுனா அடுப்புக்கான பிர்ச் விறகுக் கட்டைகளைக் கைகொள்ளாமல் சுமந்து கூடத்தைக் கடக்கும்போது ஓர் அக்கார்டியன் தட்டுத்தடுமாறி ஆரம்பித்தது.

"எவனோ கத்துக்குட்டி. தௌனோ, அதை மாத்தித் தொலையேன்!"

சவுனாவுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுத் தௌனோ பீர் புட்டியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். "எந்தப் பொத்தான்னு யாருக்குத் தெரியும்? ஓடட்டும்யா. போகப்போக நல்லாத்தானே இருக்கு."

ஆமாம், நன்றாகத்தான் இருந்தது. தடுமாற்றம் தெளிந்து, மெதுவான வால்ட்ஸ் நடன இசையாகி, மனதைப் பிசைந்தது. வைனோ கட்டைகளோடு நின்றுவிட்டார். இசை முடிந்ததும் கூச்சத்தோடு ஒரு குரல்: "வைனோ, அம்பது வயசாச்சு உனக்கு. வாழ்த்துகள்."

ஐலா. அவர் மனைவி.

கட்டைகளைத் தரையில் போட்டார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய பிறந்தநாள் நினைவுக்கு வந்தது. ஐலா ஒரு சிடி கொடுத்தாள். விருந்து அமளியில் "நன்றி" என்று வாங்கி வைத்தவர், மறுநாள் முப்பது சிடிகளோடு சேர்த்து அதையும் ஏற்றினார். அந்தக் காலத்தில் வாரம் இரண்டு மாலை அவள் எங்கோ வகுப்புக்குப் போனாள். என்ன வகுப்பு என்று அவர் கேட்டதே இல்லை. கணினித் திரையைப் பார்த்தார். பெயரில்லாத பாட்டு. தாண்டியது: பதினான்கு முறை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று கூசிப்போனார்.

சமையலறையில் ஐலா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஐலா, அது..."

"இன்னைக்கு முழுசா ஓடிச்சே! கை ஒழியலையா?"

"உனக்கு... ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சா?"

"சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கேன். ஆரம்பிச்ச உடனே செய்யுற வேலையை விட்டுட்டு நிப்பேன். நீ அமுக்கிடுவ."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"கேட்டு வாங்குனா அது பாராட்டா? பிச்சை."

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சிரு. எனக்காக இன்னொரு தடவை வாசிக்கிறியா?"

"அக்கார்டியனை அந்த வருஷமே தங்கச்சி மகளுக்குக் குடுத்துட்டேன். அது இருந்த கூடத்து மூலை ஒரு வாரமா காலியாக் கிடந்துச்சு. அதையும் நீ பார்க்கல." மாவைத் துணியால் மூடினாள். "போ, தௌனோ தனியா உக்காந்திருக்கார்."