புல்லும் பயிர்தான்

வெளிநாட்டிலிருந்து எதையாவது தருவிக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வரி எவ்வளவு என்பதைத்தான். நான் சுங்க வேலை பார்த்தவன் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். போன மாதம் அடையாறிலிருந்து ஒருவர் வந்தார். வீட்டின் முன்னால் புல்தரை போட்டிருக்கிறாராம், அதை வெட்ட ஒரு இயந்திரம் வரவழைக்கப் போகிறாராம். எத்தனை சதவீதம் என்று கேட்டார். கையால் தள்ளுவதா, என்ஜின் வைத்ததா, இன்வாய்ஸில் அதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள், எதுவும் அவருக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் ஏஜெண்ட் பாத்துப்பார் சார்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு தேடி வந்தவரிடம் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. ஆனால் ஒரு காலத்தில் அந்த ஏஜெண்டின் ஆளாக இருந்தவன் நான். பார்த்துக்கொண்ட லட்சணம் எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நான் தலைமை குமாஸ்தா. துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குத் தாள்களைத் தயாரித்து, தீர்வை கட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். அலுவலகம் தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் ஒரு மாடி. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போவேன். ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால், சுங்கப் படிவத்தில் 'சரக்கின் விவரம்' என்ற கட்டத்தை நிரப்பும் வேலையை எனக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே இரும்பு, ஒரு சொல்லில் கருவியாகும், வேறொரு சொல்லில் ஆடம்பரமாகும். நான் எழுதிய வரியை எந்த அதிகாரியும் அடித்ததில்லை என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அது எனக்குத் தலைக்கேறியிருந்தது.

அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. சரக்குக்காரர்களிடம் ஏழெட்டு வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தாளுக்கும் அவர்கள் கடையை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டாம் என்பது காரணம். 'மேலே கண்ட விவரங்கள் உண்மை' என்ற வாசகத்தின் கீழே, மேலே எதுவும் இல்லாதபோதே மனிதர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் அதைச் சேவை என்று சொல்லிக்கொண்டோம்.

அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் உஸ்மான் சாலைப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். விவசாயக் கருவிகள் இறக்குமதி செய்ய அவரிடம் லைசென்ஸ் இருந்தது. மருந்து தெளிக்கும் பம்பு, கிளை வெட்டும் கத்தரி என்று முன்பு இரண்டு மூன்று முறை எங்கள் மூலம்தான் தருவித்திருந்தார். இந்த முறை புல்தரை வெட்டும் இயந்திரம், மூன்று. இரண்டை விற்றுவிடுவது. மூன்றாவதை ஈக்காட்டுத்தாங்கலில் அவர் பிடித்திருந்த ஷெட்டில் கழற்றிப் போட்டு, பார்த்துப் பார்த்து இங்கேயே அதே மாதிரி செய்வது. லேத் வாங்கிப் போட்டாயிற்று. ஒரு ஃபிட்டரையும் வேலைக்கு வைத்தாயிற்று. இன்னும் எத்தனை காலத்துக்கு ஆணியை நிறுத்துக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது, ஒரு பொருளையாவது நான் செய்தது என்று சொல்ல வேண்டாமா என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டியவர் அதைச் சொன்னபோது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

கப்பல் வருவதற்கு முன்பு அவர் எங்கள் மாடிக்கு வந்தார். இயந்திரத்தோடு வரும் ஆங்கிலக் கையேட்டின் பிரதி ஒன்று அவருக்குத் தபாலில் வந்திருந்தது. அதை என் மேஜைமேல் வைத்தார்.

"சார், இது வெவசாயத்துல வருமா? மனசுக்குள்ள என்னமோ இடிக்கி. இந்தப் பொஸ்தகத்த ஒரு மட்டம் படிச்சுப் பாத்துட்டு எழுதுங்க."

நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. புல் என்றால் எனக்கு மாடு. எங்கள் தெருவில் பால்காரரின் மாடுகள் நின்றன. தலையில் புல்கட்டு சுமந்து வரும் பெண்கள் தெருமுனையில் உட்கார்ந்து விற்பார்கள். மனிதர்கள் மேலே நடப்பதற்காகப் புல் வளர்ப்பார்கள், அதை வளர்த்துவிட்டு அதற்கென்று ஓர் இயந்திரம் வைத்துச் சிரைப்பார்கள் என்பதை ஆங்கில நாவல்களில் படித்திருந்தேனே தவிர, கையில் இருந்த தாளோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. லேசாகத் தோன்றியது. ஆனால் ஒரு கடைக்காரர் என்னைப் படித்துப் பார்க்கச் சொல்வதா என்ற எண்ணம் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

"புல்லும் பயிர்தான் அண்ணாச்சி" என்றேன். "எழுதறது என் வேலை. நீங்க கடையைப் பாருங்கோ."

கையேட்டை இழுப்பறைக்குள் தள்ளினேன். அவர் கையெழுத்திட்ட படிவத்தில், விவசாய இயந்திரம், புல் அறுவடைக்கு, என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினேன்.

துறைமுக ஷெட்டில் பெட்டியை உடைத்த அன்று சுங்க மதிப்பீட்டு அதிகாரி, அண்ணாச்சி, நான், பெட்டி உடைக்கிற கூலியாள் ஆகிய நால்வர் இருந்தோம். கூலியாள் பட்டினப்பாக்கத்துக்காரர். வருஷக்கணக்காகப் பார்த்த முகம். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். பலகை விலகியதும் உருளையும், வளைந்த கத்திகளும், முன்னால் மாட்டும் ஒரு கித்தான் தொட்டியும் தெரிந்தன. இது எதற்கு என்று அவர் கேட்டார். மாட்டுப் புல்லுக்கு என்றேன்.

"இன்னா சார், தொட்டி முன்னால கீது. வெட்டுன புல்ல அதுவே துன்னுகினு போயிரும். மாடு இன்னா பண்ணும், பின்னாலயே வேடிக்க பாத்துகினு போவுமா?"

அதிகாரி சிரித்தார். சிரித்துவிட்டு என் தாளை மறுபடி வாங்கிப் படித்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சட்டத்தின் மீது எனக்கு அன்று வந்த கோபம் இன்றும் போகவில்லை. மாடு தின்கிற புல்லை வெட்டினால் விவசாயம், லைசென்ஸ் செல்லும், தீர்வை குறைவு. அதே புல்லின் மேல் ஒரு மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஆடம்பரம், லைசென்ஸ் செல்லாது, சரக்கு பறிமுதல். வெளிநாட்டுப் பொருள் ஏன் வரக் கூடாது என்றால், நம்மவர்கள் இங்கேயே செய்யப் பழக வேண்டும் என்பார்கள். இங்கேயே செய்யப் போகிறேன் என்று லேத் வாங்கி வைத்திருந்த மனிதனின் கையிலிருந்து மாதிரியைப் பிடுங்கியதும் அதே சட்டம்தான். இதைப் பற்றிப் பல வருஷங்கள் பலரிடம் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். அடுத்து நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

விசாரணையில் அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்த விவரத்தை எழுதச் சொன்னது யார்?

"இம்போர்ட்டர் சொன்னார். நான் எழுதினேன்" என்றேன்.

அண்ணாச்சி எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அது உண்மைதானா என்று அவரைக் கேட்டார்கள். ஆமென்று தலையை ஆட்டினார். தெரிந்தே பொய் விவரம் தந்தவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வராந்தாவில் அவர் முன்னால் போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார்.

"நான் வாயத் தொறந்தா உங்க வேல போயிரும். போனா வேற என்ன செய்வீய? உங்களுக்கு ஒரு ஆணி அடிக்கக்கூடத் தெரியாதே."

இரும்புக் கடைக்காரர் ஒருவர் வேறு ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக மட்டமான வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் குரலில் கேலி இல்லை. பிறகு, மேல்முறையீட்டுக்கு அவகாசம் இருப்பதாகவும், அந்த விவரம் என் சொந்த வாசகம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் தன் பெயரையாவது மீட்டுக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்வதாகவும் சொன்னார். தருகிறேன் என்றேன்.

எழுதவும் செய்தேன். காலையில் ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து எழுதுவேன். தவறு நிகழ்ந்தது என்று தொடங்கும். யார் செய்த தவறு என்ற இடத்தில் வாக்கியம் நின்றுவிடும். இலக்கணப்படி எழுவாய் இல்லாமலே ஒரு பக்கம் எழுதக் கற்றவன் நான். ஒருநாள் மனைவி கேட்டாள்: "கொஞ்ச நாளா எழுதிண்டு கிழிச்சுண்டு இருக்கேளே, யாருக்கு?" ஆபீஸ் விஷயம் என்றேன். அண்ணாச்சி கடையிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து கேட்டுப்போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, கடிதம் எதுவும் தர வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லியிருந்தால் பழியை அவர்மேல் போட்டிருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவகாசம் தானாகவே முடிந்தது.

இயந்திரங்கள் பறிமுதலாயின. அண்ணாச்சிக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை. ஈக்காட்டுத்தாங்கல் ஷெட்டைக் காலி செய்தார். லேத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள். கடை மட்டும் நடந்தது. அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸில் அந்தக் கடை தெரியும் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து, அடையாறில் முதலாளி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஆபீசிலிருந்து எல்லோரும் போனோம். வாசலில் பெரிய புல்தரை. ஓரத்தில் அந்த இயந்திரம் நின்றது. உருளையின் பக்கவாட்டில் துறைமுக ஷெட்டில் பூசிய பெயிண்ட் எண் இன்னும் அழியவில்லை. சுங்க ஏலத்தில் எடுத்ததாக முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. அவர் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லையே.

என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார். கத்தியை எப்படி ஏற்றி இறக்குவது என்று தோட்டக்காரருக்குத் தெரியவில்லையாம். பெட்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, நீர்தானே இங்கிலீஷ்காரர், படித்துச் சொல்லும் என்றார். என் இழுப்பறையில் திறக்காமல் கிடந்ததன் இன்னொரு பிரதி. தோட்டக்காரர் எதிரில் குந்தினார். நான் நின்றுகொண்டே முதல் பக்கத்தைத் திறந்து, முதல் வரியைத் தமிழில் சொன்னேன்.

"இந்த மிஷின் அழகுக்காக வளர்க்கற புல்தரைக்கு மட்டுந்தான். வயல்லயும் மாட்டுத் தீவனத்துக்கும் இதை உபயோகிக்கக் கூடாது."

தோட்டக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது பாத்தாலே தெரியுது சார். இதுக்கு இன்னாத்துக்கு பொஸ்தகம்? கத்திய எப்டி ஏத்துறதுன்னு சொல்லு."

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.