துண்டு துண்டாக வாசித்த சீட்டு

மகள் நீளமான ஆங்கில வார்த்தையொன்றைத் துண்டு துண்டாக வாசிக்கிறாள். வெடிச் சத்தத்துக்கு அசையாத சிவகாசிக்காரன் நான், அதைக் கேட்க மாட்டாமல் பாத்ரூமுக்குள் ஓடி ஒளிகிறேன்.

சரவெடியைப் பிரித்து ஒற்றை வெடிகளாக வெடித்த கைப்பழக்கத்தில், எட்டாம் வகுப்பில் ஆங்கில வார்த்தைகளையும் பிரித்தே வாசிப்பேன். பட்டாசு கம்பெனித் தீயில் கருகி அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் எழுதிய சீட்டை அப்பா என்னிடம் நீட்டினார்.

"என்ன போட்ருக்குன்னு படிலே."

"செப்... டி... சீ... மி... யா."

அர்த்தம் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீகளா நர்சம்மா, எம்புட்டு நீட்டு வார்த்தைய எம்மவன் படிச்சுப்புட்டான்!"

நர்சம்மா தலையைக் குனிந்துகொண்டார். ரத்தமெல்லாம் விஷமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். அம்மாவை எரித்த பிறகுதான் சொன்னார்கள்.

"அப்பா, முழுசா வாசிச்சுட்டேன்!" என்கிறாள் மகள்.

"மொதல்ல அர்த்தத்தப் பாரு தாயி" என்று கத்துகிறேன், பாத்ரூமுக்குள்ளிருந்து.