கரிக்குவியல் முன் நின்ற எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது பெரியப்பா என்னை அழைத்து ஒரு யோசனை சொன்னார். "செத்தவங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதுடா தம்பி. பழசெல்லாம் கெளறாத. 'பொறுமையின் வடிவம்'னு போட்டு முடிச்சிடு லா" என்றார். பெரியப்பாவின் வயதுக்கு மரியாதை கொடுத்து அன்று எழுந்து வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். எங்கள் அக்கா பொறுமையின் வடிவம் அல்லர். கோபக்காரர். அவர் பொறுத்துப் போயிருந்தால், எங்கள் அப்பா ஓர் உயிரைக் கொன்றவர் என்ற பெயரோடு சாம்பலாகியிருப்பார்.

அக்கா பிறந்தது மலை ஊரான பிரிஞ்சாங்குக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடு ஒன்றில். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்தும் சூளைக்குத் தீப் போடுபவர். அம்மா கொழுந்து பறிப்பவர். நான் பள்ளிக்குப் போகும் முன்பே அம்மா காலமாகிவிட்டதால், எனக்குத் தலை வாரியதும் சட்டைப் பொத்தான் தைத்ததும் அக்காதான். அந்தக் காலத்தில் மலைச்சாலையை அகலப்படுத்த வெடி வைப்பார்கள். சிதறிய கருங்கல் துண்டுகளைப் பொறுக்கி வந்து, ஒரு துண்டு மினுங்குகிறது, இன்னொன்று மினுங்கவில்லை, ஏன் என்று அக்கா ஆசிரியர்களைக் குடைந்துகொண்டே இருப்பார்.

தானா ராத்தாவில் படித்துத் தேறி, எழுபதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்கு நிலவியல் படிக்கப் புறப்பட்டார். அப்போது பெரியப்பா லயத்து வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் ரோட்டுக்குக் கல்லு ஒடச்சவங்கதான். அதுக்கு ஒரு காலேஜா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். தம் கம்பளியை மடித்து அக்காவின் பெட்டியில் வைத்துப் பேருந்து ஏற்றிவிட்டார்.

படிப்பு முடிந்ததும் ஈப்போவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. ஈயத்தாது, களிமண், நிலக்கரி ஆகியவற்றின் தரத்தைச் சோதித்துச் சொல்லும் வேலை. நிலக்கரியில் ஈரம் எவ்வளவு, எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, அது தரும் வெப்பம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வரும்போது அவர் விரல் நகங்களில் கறுப்பு இருக்கும். "வரன் பாக்க வர்றவங்க என்ன நெனப்பாங்க?" என்று உறவுகள் கேட்டன. "கைய நல்லாப் பாத்துட்டே போகட்டும்" என்பார் அக்கா.

எண்பதுகளின் தொடக்கத்தில், எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று தோட்ட நிர்வாகம் தொழிற்சாலைச் சூளையை எண்ணெயிலிருந்து நிலக்கரிக்கு மாற்றியது. கரியை ஒரு குத்தகைக்காரர் லோரியில் கொண்டுவந்து கொட்டினார். எப்போதோ கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தில் மேலாகத் தோண்டி எடுத்த கரி அது. பாதிக்கு மேல் தூள். கீழ் லயத்தை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையில் அதைக் கூரை முட்டக் குவித்தார்கள்.

அந்த ஆண்டு பொங்கலுக்கு வந்த அக்கா, லயத்துக்குள் நுழையும்போதே நின்றுவிட்டார். மண்ணெண்ணெய் வாடை போல ஒன்று அடித்தது. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அக்கா பையைக்கூட இறக்கி வைக்காமல் கொட்டகைக்குப் போனார். தகரத்தின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. மறுநாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு அலுவலகம் சென்றார். மேனேஜர் துரையும் தலைமை எழுத்தரான பெரிய கிராணியும் இருந்தார்கள்.

"இது முதிராத கரி. உள்ளே சூடேற ஆரம்பித்துவிட்டது. வாடையே அதற்கு அடையாளம். குவியலைக் கலைத்துத் தாழ்வாகப் பரப்பி, அழுத்திவிட வேண்டும். பழையதை முதலில் எரிக்க வேண்டும். லயத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார்.

துரை புன்னகைத்தார். கரி என்றால் எல்லாம் கரிதான், இந்த மலைக்குளிரில் கொஞ்சம் சூடாக இருந்தால் நல்லதுதானே என்றார். கிராணி அதற்குச் சத்தமாகச் சிரித்தார். வெளியே வந்ததும் தமிழில் சொன்னார்: "ஒங்கப்பா இங்கதாம்மா வேல செய்றாரு. லயத்து வீடும் தோட்டத்துதுதான். பாத்துப் பேசு."

பொங்கல் கழிந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கொட்டகையின் இடுக்குகளில் புகை கசிந்தது. முந்தைய நாள் ஞாயிறு, சூளையே எரியவில்லை. துரை வந்து, உள்ளே போய்க் கரியை வெட்டித் தண்ணீர் அடிக்கச் சொன்னார். அப்பாவின் உற்ற தோழர் மாரியப்பன் மாமா மண்வெட்டியோடு முதலில் போனார். சற்று நேரத்தில் அவர் சத்தம் நின்றுவிட்டது. அப்பா ஈரச் சாக்கை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடி, அவரை இழுத்து வந்தார். மாமாவின் உடலில் ஒரு தீக்காயம் இல்லை. உயிரும் இல்லை. கரி உள்ளே புழுங்கி எரிந்தால் வரும் நச்சுக்காற்றுக்கு வாடை கிடையாது. அது யாரையும் எச்சரிப்பதில்லை.

மாமாவின் பாடை புறப்படும் முன்பே நிர்வாகம் ஒரு கதையைக் கட்டிவிட்டது. சனிக்கிழமை மாலை அப்பா நெருப்பு அணையாத சாம்பலைக் கொட்டகையின் ஓரமாகக் கொட்டிவிட்டாராம். அதிலிருந்து பொறி பறந்து கரி பற்றிக்கொண்டதாம். அப்பா எப்போதும் போல ஓடைக்கரையில்தான் சாம்பலைக் கொட்டியிருந்தார். அதைச் சொல்லக்கூட அவருக்கு நேரம் தரவில்லை. வேலை போயிற்று. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் ஒரு காய்கறித் தோட்டத்தின் பின்புறக் குடிசையில் ஒதுங்கினோம்.

பழியைப் பற்றவைத்தது நிர்வாகம் என்றாலும், அதை ஊதி வளர்த்தவர்கள் நம் மக்கள்தான். இதை நான் எழுதாமல் விடப்போவதில்லை. கோயிலில் அப்பாவுக்குத் திருநீறு கொடுக்கும்போது கையைத் தள்ளிப் பிடித்தார்கள். "குடிச்சிருப்பான்" என்றார்கள், வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொடாத மனிதரை. பெரியப்பாவோ அக்காவிடம், "நீ போயி தொரகிட்ட வாயக் குடுத்த. அந்தக் கடுப்புலதான் ஒங்கப்பன் தலையில போட்டுட்டான். இனிமேலாவது அடங்கு" என்றார்.

அக்கா அடங்கவில்லை. தொழிலாளர் இலாகாவுக்கு மனுக் கொடுத்து, ஈப்போவுக்கும் தானா ராத்தாவுக்கும் மாறி மாறி அலைந்து, விசாரணைக்கு ஓர் அதிகாரியைத் தோட்டத்துக்கே வரவழைத்தார். இதற்கிடையே நிர்வாகம் அதே குத்தகைக்காரரிடம் அதே கரியை வாங்கி, இம்முறை திடலுக்கு அப்பால் வெட்டவெளியில் மலைபோலக் குவித்துத் தார்ப்பாய் போட்டிருந்தது. சூளைக்கும் அதற்கும் ஒரு மேட்டின் தூரம். அப்பா அந்தப் பக்கமே வந்ததில்லை.

விசாரணை அன்று தோட்டமே திடலில் கூடியது. பெரிய கிராணி, அக்கா பொங்கலின்போது வந்து எச்சரித்தது தமக்கு நினைவில்லை என்று அதிகாரியிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அக்கா அவரோடு வாதாடவில்லை. நீளமான இரும்புக் கம்பிகளைக் கொண்டுவரச் சொன்னார். அதிகாரியின் கண்முன்னே, தோட்டத்து ஆட்களைக் கொண்டே அவற்றைக் குவியலின் ஆழத்துக்கு அடித்து இறக்கினார். "கொஞ்ச நேரம் காத்திருங்கள்" என்றார். துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

காத்திருந்த நேரத்தில், மாரியப்பன் மாமாவின் மனைவி செல்லம்மா அத்தை எழுந்து அக்காவின் அருகில் வந்தார். "எனக்குப் புரியிற மாதிரி சொல்லு தாயி. நெருப்பே வைக்காம எப்புடி எரியும்? எம்புருசன் எதனால செத்தாரு?"

அக்கா குவியலிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தார். "அத்தே, இது ஒரு காலத்துல காடு. தண்ணி தேங்குன சதுப்புக் காடு. மரம் சாஞ்சு தண்ணிக்குள்ள விழுந்தா காத்து படாது, முழுசா மக்காது. நம்ம பிரிஞ்சாங் உச்சியில பாசிக் காட்டுல கால் வெச்சா மெத்து மெத்துன்னு அமுங்கும்ல, அந்த மாதிரி தட்டுத் தட்டாச் சேரும். அதுமேல மண்ணு மூடி மூடி, ஆழத்துக்குப் போயி, பூமிச் சூட்டுல வெந்து, இருக்குற தண்ணியெல்லாம் வெளியேறுனாத்தான் நல்ல கரி. கெட்டியா, பளபளன்னு இருக்கும்."

"இது?"

"இது ஆழத்துக்குப் போகல அத்தே. பாதி வேக்காடு. இன்னும் தண்ணி இருக்கு. வெளிய எடுத்துக் காய விட்டா வெடிச்சுத் தூளாப் போயிடும். தூளாயிட்டா காத்தக் குடிக்கும். குடிக்கக் குடிக்கச் சூடாவும். சின்னக் குவியலா இருந்தா அந்தச் சூடு வெளிய போயிடும். மலை மாதிரி குவிச்சா எங்க போகும்? உள்ளயே ஏறி ஏறித் தானா கனியும். இந்தக் கரிய வெட்டுன அன்னிக்கே அந்த நெருப்பு இதோடதான் வந்துச்சு. யாரும் வைக்க வேணாம்."

அத்தை கையிலிருந்த கட்டியை நசுக்கினார். அது பொடிந்து விரலிடுக்கில் விழுந்தது. அவர் அழவில்லை. துரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு அக்கா ஒரு கம்பியை உருவச் சொன்னார். சாக்கைச் சுற்றித்தான் உருவ முடிந்தது. உள்ளே புதைந்திருந்த முனையை அதிகாரியின் பக்கம் நீட்டி, "பெகாங் லா, எஞ்சிக்" என்றார், பிடித்துப் பாருங்கள் ஐயா என்று. மலாய்க்காரரான அந்த அதிகாரி ஒரு விரலை வைத்தார். "பானாஸ்!" சுடுகிறது என்று கையை உதறிக்கொண்டார். திடலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

அக்காவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "இங்கே சாம்பல் கொட்டியது யார்? எங்கள் அப்பாவா? அவர் இந்தத் தோட்டத்திலேயே இல்லையே! சொல்லுங்கள் துரை, இங்கே நெருப்பு வைத்தது யார்?"

துரை கிராணியின் பக்கம் திரும்பினார். அத்தைதான் அதிகாரியின் முன் வந்து நின்றார். "எழுதிக்குங்கய்யா. எம்புருசன் சாவுக்கு இந்தப் பொண்ணோட அப்பா காரணம் இல்ல. அவருதான் உள்ள போயி இழுத்துட்டு வந்தாரு. மத்தவங்க வெளிய நின்னு பாத்தாங்க." அக்கா அதை மலாயில் சொன்னார், அதிகாரி எழுதிக்கொண்டார்.

கரி தானாகவே தீப்பிடித்தது, அப்பாவின் மேல் குற்றம் இல்லை என்று முடிவானது. குவியலைக் கலைத்தார்கள். லயத்தருகே மீண்டும் கரி கொட்டவில்லை. கீழ் லயத்தில் இன்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். ஆட்கள் வேலைக்குப் பிரியும் முன் கூடும் காலைப் பெரட்டில், அப்பா குற்றமற்றவர் என்று எல்லாரும் கேட்கத் துரை தம் வாயால் சொல்ல வேண்டும் என்றார். துரை மறுத்துவிட்டார். வேண்டுமானால் அப்பா வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். அப்பா போகவில்லை. கம்போங் ராஜாவில் பிறர் நிலத்தில் முட்டைக்கோஸ் வெட்டியபடியே, அடுத்த மழைக்காலத்தில் காலமானார். அவருடைய இறுதிச் சடங்குக்குத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் ஒரு வேனில் அடங்கிவிட்டார்கள்.

அக்கா வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு அந்தக் குத்தகைக்காரர் வாடிக்கையாளராம். விசாரணைக்கு முன்பே, "மனுவா, வேலையா?" என்று கேட்டார்கள். அக்கா அன்றே மேசையைக் காலி செய்தார். பிறகு எந்த ஆய்வுக்கூடமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஈப்போவில் ஒரு தனியார் பள்ளியில் புவியியல் கற்பித்து வாழ்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். திருமணம் கூடிவரவில்லை; "தொரையையே எதுத்தவ" என்ற பேச்சு அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும். இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புற்றுநோய் கண்டது. மருத்துவமனைக் கட்டிலிலும், தம்மைப் பார்க்க வந்து ஊழ்வினை, விதி என்று பேசிய ஒருவரை, "விதி இல்ல. அப்பாவுக்கு நடந்தது அநியாயம். அத விதின்னு சொல்லாதீங்க" என்று திருப்பி அனுப்பினார். கண் மூடும்போது நாற்பதைத் தாண்டி அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. அக்காவின் இறுதி வாரங்களில் மலையிறங்கி வந்து, கட்டிலருகே தரையில் படுத்து, அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட செல்லம்மா அத்தைக்கு என் தலை தாழ்ந்த நன்றி. கணவரை இழந்த அவர் உண்மையின் பக்கம் நின்றார். எதையும் இழக்காதவர்கள் நிற்கவில்லை. இரவு பகல் பாராத தாதியருக்கும், பாடையைச் சுமந்து வந்த அக்காவின் மாணவர்களுக்கும், தகனத்துக்கு விறகு முதல் வாகனம் வரை ஏற்பாடு செய்த கம்போங் ராஜா நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. தோட்ட நிர்வாகம் அனுப்பிய மலர்வளையத்தை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினேன். ஓய்வுபெற்ற பெரிய கிராணி இம்மலருக்கென்று தந்த இரங்கல் செய்தியை அச்சிடவில்லை. நினைவில்லாதவர் எதை நினைத்து இரங்குவார்?

இன்று சடங்கு முடிந்ததும் பந்தி விரிப்போம். அக்காவின் படம் கூடத்தில் இருக்கும். அப்பாவின் படத்தையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அன்று அவரைக் குற்றவாளி என்று சொன்னவர்களில் பலர் வந்திருப்பீர்கள். ஒருவர்கூட இதுவரை அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. பெரியப்பாவையும் சேர்த்தே சொல்கிறேன். முதலில் அந்தப் படங்களின் முன் போய் நின்று, "அவர் நெருப்பு வைக்கல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகு வந்து இலையில் உட்காருங்கள்.

சொல்ல மனமில்லாதவர்களுக்கு இந்த வீட்டில் இலை இல்லை.

இவண்,
தம்பி