செயற்கைக்கோளில் தாவும் பொறியும் நூரியின் காதும்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். நூரி இப்போதுதான் தூங்கினாள்.

என் மகள் நூரிக்கு நான்கு வயது. காது கேளாமல் பிறந்தவள். போன வருடம் ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு கருவி வைத்தோம். அதற்கு ஒலி அனுப்பும் இன்னொரு கருவி காதுக்குப் பின்னால், வெளியே இருக்கும். பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் உண்டாகும் நிலைமின்சாரம் அதைக் கெடுக்கலாம் என்று கையேட்டில் ஒரு வரி உண்டு. செயற்கைக்கோள்களுக்கும் இதே தொல்லை என்றும், பெருங்களத்தூர் தாண்டி ஒரு கல்லூரியில் அதைப் பற்றிக் கண்காட்சி நடக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். கையெட்டாத இடத்தில் இருக்கும் கருவியை எப்படித்தான் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்க, இன்று சனிக்கிழமை காலை அவளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

சேலையூரிலிருந்து தாம்பரத்துக்கு பஸ், மூன்று ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, எட்டு ரூபாய். ஜி.எஸ்.டி. ரோட்டில் வழக்கமான நெரிசல். எங்கே, எதற்கு என்று கேட்ட டிரைவர் சிரித்தார்.

"நம்மூரு வேர்வையில கரண்டா? இன்னாக்கா, தோச்ச சட்டையே காய மாட்டேங்குது."

நானும் சிரித்தேன். ஈரக் காற்றில் மின்னேற்றம் தங்காது; இயற்பியல் படித்தவள்தானே. கண்காட்சிக் கூடத்தில் ஏ.சி. ஓடும், அது காற்றை உலர்த்திவிடும் என்று அப்போது தோன்றவில்லை.

கூடத்தில் மாதிரிச் செயற்கைக்கோளின் அருகே நின்ற மாணவி பொறுமையாகச் சொன்னாள். "விண்வெளியில எலக்ட்ரான் வந்து ஒட்டிக்கிட்டே இருக்கும்க்கா. எறங்கிப் போக அங்க தரை இல்ல. ஒரு பாகத்துல அதிகம், பக்கத்துல கம்மின்னு ஆச்சுன்னா பொறி தாவும். யாரும் குடுக்காத கட்டளை வந்த மாதிரி சேட்டிலைட் குழம்பிடும்."

"தடுக்க முடியாதா?"

"வர்றதைத் தடுக்க முடியாது. வெளிப் பாகம் எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு இணைச்சிடுவாங்க. வித்தியாசம் இல்லைன்னா தாவாது."

"அப்படியும் தாவிட்டா?"

"கீழேருந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்க. நெறைய எழுந்துக்கும்."

எல்லாமே எழுந்துவிடுமா என்று கேட்க வந்தேன். அப்போதுதான் நூரி பக்கத்தில் இல்லை என்று உறைத்தது. கூடத்தின் மூலையில் குழந்தைகளுக்காக ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம். நைலான் கவுனில், முடி குத்திட்டு நிற்க, சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

வெளிக்கருவியை ஆஃப் செய்து ஆன் செய்தோம். பேட்டரி மாற்றினோம். "புரோகிராம் மட்டும் அழிஞ்சிருக்கும்க்கா, திரும்ப ஏத்திடுவாங்க" என்றாள் அந்த மாணவி. அவளுக்கும் நிச்சயமில்லை. திரும்பும்போது பஸ் ஹாரன்களுக்கு நடுவே நூரி தன் காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினாள்.

கீழேயிருந்து கட்டளை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. தூங்குமுன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பலமுறை கூப்பிட்டுப் பார்த்தேன்.

கண்காட்சி நாளையும் உண்டு, நல்ல கண்காட்சிதான். இப்படிக் கருவி வைத்த குழந்தையோடு போகிறவர்கள் பருத்தி உடை போடுங்கள். சறுக்கும் முன் வெளிக்கருவியைக் கழற்றிவிடுங்கள். கையை விடாதீர்கள்.

திங்கட்கிழமைதான் கிளினிக் திறக்கும். யாருடைய குழந்தைக்காவது இப்படி நடந்திருக்கிறதா? புரோகிராம் ஏற்றியதும் மறுபடி கேட்டதா, இல்லை உள்ளே இருப்பதும் போய்விட்டதா? எதுவானாலும் சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.