பக்கத்துக் கடையில் கொடுத்த பதினான்கு ஜாக்கெட்டுகள்

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்தது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. குழந்தை உண்டாவதற்கான சிகிச்சையைக் கடை வேலைக்காக இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தேன். இந்த முறை தீபாவளி முடிந்த மறுநாள்தான் கருமுட்டை எடுப்பார்கள் என்று உத்தேசமாகச் சொன்னதால், தைரியமாக ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன் முடிந்ததும் நர்ஸ் சொன்னார்: "அக்கா, முட்டையெல்லாம் சீக்கிரமே வளந்துடுச்சு. வியாழக்கிழமை காலையில எடுத்தாகணும்."

"சனிக்கிழமை வரைக்கும் தள்ள முடியாதாம்மா?"

"அது நம்ம கையில இல்ல லா. வெயிட் பண்ணா எல்லாம் வீணாயிடும்."

வயிறு உப்பி, பஸ்ஸில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியவில்லை. கடையில் பதினான்கு ஜாக்கெட்டுகள் வெட்டி, தைக்காமல் கிடந்தன. எல்லாம் சனிக்கிழமை கொடுக்க வேண்டியவை.

பக்கத்துக் கடை அம்மாவும் தையல்காரர்தான். இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. தப்பு என்னுடையது. 'அவங்க தையல் நிக்காது' என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னேன், அது அவர் காதுக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் துணிப் பைகளோடு அவர் வாசலில் போய் நின்றேன். ஒரு சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொன்னேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அளவு ஜாக்கெட் எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"வெச்சிட்டுப் போங்க. படுத்துக்கிட்டு ஃபோன் மேல ஃபோன் போடாதீங்க."

வியாழக்கிழமை ஐந்து முட்டைகள் எடுத்தார்கள். சனிக்கிழமை கூலியோடு என் கணவர் போனபோது, அந்த அம்மா ஜாக்கெட்டுகளை என் கடைப் பைகளிலேயே போட்டு, என்னைத் தேடி வந்த எல்லோருக்கும் கொடுத்து முடித்திருந்தாராம். தான் தைத்ததாக யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை ஒரு வாடிக்கையாளர் எனக்கு ஃபோன் செய்தார். "அக்கா, இந்தத் தடவ ஃபிட்டிங் சூப்பர்! எப்பவும் இப்படியே தைங்க."

வெட்கத்தில் உடம்பு கூசியது. யார் தைத்தது என்று அப்போதே சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பக்கத்துக் கடைக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். "சரி, போய் ரெஸ்ட் எடுங்க" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

அந்த முறை கரு தங்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை முயன்று, அலுத்துப்போய் நிறுத்திவிட்டோம். அந்தக் களைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அடுத்தவர் வேலையைக் குறை சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், வேறெதுவும் கேட்காமல் என் பைகளை வாங்கி வைத்த அந்தக் கைகள் கண்முன் வந்து, பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது.