அரியலூர் ரோட்டில் மழையும் என் காரும் ஒரு இஸ்திரி பாட்டிலும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை. கோயிலுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை, என் கார் ஏன் நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்கவே பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குக் கிளம்பினேன். அன்று மாலை நாலு மணிக்கு வண்டியை விலை பேச புரோக்கர் வருவதாக ஏற்பாடு. பதினாலு வருஷப் பெட்ரோல் வண்டி, என் டீச்சர் சம்பளத்தில் நானே வாங்கியது. விற்க எனக்கு மனசே இல்லை.

வெயிலில் பூலாம்பாடி பள்ளிக்கூடம் வரை ஒரு குறையும் சொல்லாது. மழை வந்தால் போச்சு, நடுரோட்டில் திணறி நின்றுவிடும். பேட்டரி மாற்றியாச்சு, பெட்ரோல் பம்ப் மாற்றியாச்சு. மெக்கானிக்குகளும் பாவம், வெயிலில் ஓட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? ராசியில்லாத வண்டி, தள்ளிவிடு என்று வீட்டுக்காரர் தினமும் ஒரே பல்லவி.

காலை 9.10க்கு, கொட்டுகிற மழையில் வேண்டுமென்றே எடுத்தேன். அவரையும் ஏற்றிக்கொண்டேன், தள்ள ஆள் வேண்டுமே. முன்னால் சிமெண்ட் லாரிகள், கண்ணாடியெல்லாம் சாம்பல் சேறு. பதினைந்து கிலோமீட்டர் போனதும் 9.45க்கு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முறைத்தார்.

ஒரு டீக்கடை கூரைக்குள் தள்ளி நிறுத்தினோம். டீ குடித்து இருபத்தைந்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது! பெட்ரோல் கோளாறு டீ குடிக்கிற நேரத்தில் தானாகச் சரியாகுமா? இன்ஜின் சூட்டில் ஏதோ காய்ந்திருக்கிறது. அப்படியென்றால் ஈரம் பட்டது கரண்ட் போகிற இடத்தில்தான்.

புடவைக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இன்ஜின் ஓட ஓட, பிளக் ஒயர்களில் ஒவ்வொன்றாகத் தெளித்தேன். முதல் இரண்டும் சும்மா இருந்தன. மூன்றாவதில் தெளித்ததும் வண்டி நடுங்கியது, டிக் டிக்கென்று நீலப் பொறி வெளியே தெறித்தது. உடனே ஆஃப் செய்து துணியால் துடைத்தேன். சிமெண்ட் தூசிக்கு அடியில் அப்பியிருந்தது சந்தனம். அதற்கும் அடியில் ஒயரில் மயிரிழை வெடிப்பு.

"இங்க யாருங்க பொட்டு வெச்சது?" என்றேன்.

அவர் மழையைப் பார்த்தபடி, "நான்தான். ஆயுதபூஜைக்கு வருஷா வருஷம் நாலு ஒயருக்கும் வெப்பேனே" என்றார்.

வெடிப்பு வயசால் வந்தது, அதில் ஈரத்தைப் பிடித்து வைத்தது அவர் பக்தியும் லாரித் தூசியும். டீக்கடை அக்கா சிரித்த சிரிப்பில் அவர் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

துடைத்த ஒயரோடு அரியலூர் போய்ச் சேர 10.50. புது ஒயர் செட் 1,200 ரூபாய், மாட்ட இருபது நிமிஷம். மெக்கானிக் எதிரிலேயே மறுபடி தெளித்துக் காட்டினேன், வண்டி அசையவில்லை. திரும்பும்போது முப்பது கிலோமீட்டரும் அடைமழை, ஓர் இடத்திலும் நிற்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

உங்கள் வண்டியும் இப்படியா? மழை நாளிலேயே மெக்கானிக்கிடம் விடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஒயரில் கை வைக்காதீர்கள். பொட்டை பானட்டுக்கு வெளியே வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

நாலு மணிக்கு புரோக்கர் வந்து, எல்லோரையும்போல அவரிடமே விலை கேட்டார்.

"வண்டி என்னுது இல்லைங்க. டீச்சரோடது, அவங்களைக் கேளுங்க" என்றார் என் வீட்டுக்காரர். பதினாலு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான்.

"கொடுக்கறதா இல்லைங்க" என்றேன்.